தாத்தாவின் சவரக்கத்தியில் நானே ஷேவ் செய்து பழகலாமா?

தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் ஒரு மடக்குக் கத்தி கிடைத்திருக்கிறது. பிடிக்குப் பக்கத்தில் ‘சோலிங்கன்’ என்று பொறித்திருக்கிறது. வீடியோக்கள் பார்த்துவிட்டீர்கள். இன்னும் இரண்டு மாதத்தில் கல்யாணம். அதற்குள் இந்தக் கத்தியில் நானே ஷேவ் செய்யப் பழகிவிட முடியுமா, எந்தக் கோணத்தில் பிடிப்பது, கழுத்தை அறுத்துக்கொள்வேனோ என்று பயமாக இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். படித்தால் கை பழகுவதைப் பற்றிய கேள்வி போல இருக்கிறது. கை பழகிவிடும், அதைப் பிறகு சொல்கிறேன். அந்தக் கத்தி இப்போது பதமாக இருக்கிறதா, இல்லையென்றால் அதை யார் பதமாக்குவது, ஆக்கிய பதத்தை நாள்தோறும் எப்படிக் காப்பாற்றுவது என்பதுதான் நீங்கள் கேட்காமல் கேட்டிருக்கும் கேள்வி. ஆசையாக ஆரம்பித்துப் பாதியில் விட்டவர்கள் நான் பார்த்தவரை முக்கால்வாசிப் பேர் கத்தி மழுங்கியிருந்ததால் விட்டவர்கள். ஆனால் தங்கள் கைதான் சரியில்லை என்று நினைத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

நான் சலூன்காரன். 31 வருடமாக நாற்காலிக்குப் பின்னால் நிற்கிறேன். அப்பா அடைப்பத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனவர். அதற்குள் இரண்டு கத்தி, சோப்புக்கட்டி அளவில் ஒரு கருங்கல், ஒரு முழத் தோல் வார், பித்தளைக் கிண்ணம், படிகாரம். அவ்வளவுதான் மொத்தக் கடை. திண்ணையில் ஆளுக்கு எதிரே குந்தி உட்கார்ந்து வேலை பார்ப்பார். பிளேடு மாட்டாத முழுக்கத்தி பிடிக்க அவரிடம்தான் கற்றேன். ஆனால் கடையில் அதை நான் நிறையக் காலம் பயன்படுத்தவில்லை. இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986-ல், நம் சென்னையில்தான். அடுத்த சில வருடங்களில் அந்தப் பயம் ஊர்ப்பக்கம் வரைக்கும் வந்து சேர்ந்தது. “பிளேடு புதுசு மாத்துங்க” என்று வருகிறவர்கள் கேட்க ஆரம்பித்தார்கள், நாங்களும் பிளேடு மாட்டும் கத்திக்கு மாறினோம். நல்ல மாற்றம் என்றே இன்றும் சொல்வேன். அப்பாவின் கத்தி என் சொந்த முகத்துக்கு என்றாகிவிட்டது. அங்கேதான் எனக்கு ஒரு பாடம் கிடைத்தது. பிறத்தியார் முகத்தை ஆயிரக்கணக்கில் வழித்தவன், என் முகத்தில் முதல் தடவை கத்தி வைத்தபோது காது மடலைக் கீறிக்கொண்டேன். கண்ணாடியில் தூரமும் பக்கமும் குழம்பிவிடும், கை கண்ணை மறைக்கும், மணிக்கட்டு வேறு மாதிரி திரும்பும். ஆகவே தொழில்காரர்களுக்கு இது தானாக வரும், நமக்கு வராது என்று நினைக்க வேண்டாம். கண்ணாடி முன்னால் நீங்களும் நானும் ஒரே வகுப்பில்தான் சேர்கிறோம்.

முதலில் கத்தியைப் பாருங்கள். சோலிங்கன் ஜெர்மனியில் உள்ள ஊர். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு போலக் கத்திக்கே பேர்போனது. அந்தப் பெயரைக் கண்ட கத்திக்கெல்லாம் போட முடியாதபடி 1938-லேயே அங்கே சட்டம் போட்டார்கள். அதனால் பெயர் உண்மையாக இருந்தால் எஃகு நல்ல எஃகாகத்தான் இருக்கும். ஆனால் எத்தனை நல்ல எஃகும் துருவுக்குத் தப்பாது. வெளிச்சத்தில் வைத்து வாயை, அதாவது வெட்டும் ஓரத்தை, மட்டும் கவனியுங்கள். முதுகிலோ பக்கத்திலோ கறுப்புப் புள்ளி இருந்தால் பரவாயில்லை, அது அழகு சம்பந்தப்பட்டது. வாய் ஓரத்தில் துரு குழி பறித்திருந்தால் தீட்டத் தீட்ட உதிர்ந்துகொண்டே இருக்கும். கண்ணுக்குத் தெரியும் பல் விழுந்திருந்தாலும், எங்காவது மெல்லிய விரிசல் ஓடினாலும், மடக்கும்போது வாய் பிடியில் இடித்தாலும், அதைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டுச் சுவரில் மாட்டிவிட்டு வேறு கத்தி தேடுங்கள். பிடி பழைய செல்லுலாய்டாக இருந்து நொறுங்க ஆரம்பித்திருந்தால் அதிலிருந்து கிளம்பும் ஆவியே எஃகை அரிக்கும், பிடியை மாற்ற வேண்டியிருக்கும். சுத்தம் செய்யப் பாத்திரம் தேய்க்கும் சோப்பும் ஸ்பிரிட்டும் போதும். கொதிக்கிற தண்ணீரில் போடாதீர்கள், பிடி கோணிக்கொள்ளும்.

இனி இதைப் பதமாக்குவது. கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், தெருவில் சக்கரம் தள்ளிக்கொண்டு வரும் சாணைக்காரரிடம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். அவர் அரிவாள்மனைக்கும் கத்தரிக்கோலுக்கும் சரியான ஆள். சவரக்கத்தி அவருடைய பண்டம் இல்லை. இதைச் சும்மா சொல்லவில்லை. அப்பாவின் இரண்டு கத்திகளில் ஒன்றை அப்படிக் கொடுத்தவன் நான். சக்கரம் சுற்றியது, பூவாணம் மாதிரி பொறி பறந்தது. ஒரு நிமிடத்தில் பளபளவென்று கையில் கொடுத்தார். வாய் ஓரமாக ஒரு விரற்கடை தூரத்துக்கு மயில்கழுத்து நீலம் ஓடியிருந்தது. உலர்ந்த சக்கரத்தின் சூட்டில் எஃகின் பதனம், அதாவது கடினம், இறங்கிவிட்டதற்கு அதுதான் அடையாளம். அதற்குப் பிறகு அந்தக் கத்தி எந்தக் கல்லிலும் கூர் பிடிக்கவில்லை. அப்பா திட்டவில்லை. வாங்கிப் பார்த்துவிட்டு, “இனி பென்சில் சீவிக்கோ” என்றார்.

சவரக்கத்தியின் முதுகு சும்மா கனத்துக்காக வைத்ததில்லை. கத்தியைக் கல்லில் படுக்கப் போட்டால் முதுகும் வாயும் ஒரே நேரத்தில் கல்லைத் தொடும். கோணத்தை முதுகே பார்த்துக்கொள்ளும், ஏறக்குறைய 16, 17 டிகிரி. நீங்கள் செய்ய வேண்டியது கத்தியைத் தூக்காமல், அழுத்தாமல், வாய் முன்னால் போகும்படி தள்ளுவது மட்டும். எண் கூடக் கூடக் கல் நைசாக இருக்கும். 1000 எண் கல்லில் அடிக்கூர், 4000, 8000 என்று மேலேற ஏற மெருகு. 12000 வரை போகிறவர்களும் உண்டு. சொல்ல எளிது. ஆனால் வாய் முழு நீளத்துக்கும் ஒரே மாதிரி வருகிறதா என்று கண்ணும் விரலும் கண்டுபிடிக்கச் சில கத்திகளைப் பாழாக்கியிருக்க வேண்டும். முதல் தடவை நீங்களே செய்யாதீர்கள். சவரக்கத்தியைக் கல்லில் தீட்டித் தருகிறவர்கள் நம்மிடம் குறைவுதான், ஆனால் இருக்கிறார்கள். கொடுப்பதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: கல்லா, சக்கரமா? சக்கரம் என்றால் வணக்கம் சொல்லிவிட்டுத் திரும்பி வாருங்கள். தீட்டி வந்த கத்தியைச் சோதிக்க விரலால் வாயைத் தடவ வேண்டாம். முன்கைத் தோலுக்கு ஒரு அரை சென்டிமீட்டர் மேலே, தோலில் படாமல், முடியின் ஊடே கத்தியைக் கொண்டு போங்கள். முடி நுனி சத்தமில்லாமல் வெட்டுப்பட்டு விழுந்தால் முகத்துக்குத் தயார். வளைந்து கொடுத்து நழுவினால் இல்லை.

கல் வருடத்தில் சில தடவைதான். தோல் வார் தினமும். தாடி முடியைவிட பிளேடு எஃகு சுமார் 50 மடங்கு கடினமானது. அப்படியிருந்தும் ஏன் மழுங்குகிறது என்று அமெரிக்காவில் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து 2020-ல் எழுதினார்கள். வாயில் எங்கே எஃகின் உள்ளமைப்பு சீராக இல்லையோ, அங்கே முடி வளைந்து சாய்ந்து மோதும்போது நுண்ணிய சில்லு தெறிக்கிறதாம். அவர்கள் பார்த்தது தூக்கியெறியும் ரேசர் பிளேடு. நம் கத்தியிலும் அதே கணக்குத்தானா என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் ஒவ்வொரு சவரத்திலும் வாய் கொஞ்சம் அலுங்குகிறது என்பதும், வாரில் இழுத்தால் பெரும்பாலும் நேராகிவிடுகிறது என்பதும் கை கண்ட உண்மை. வாரை ஒரு கொக்கியில் மாட்டி இழுத்துப் பிடியுங்கள். தொய்ந்தால் வாய் உருண்டுவிடும். முதுகு முன்னால், வாய் பின்னால் இழுபட வேண்டும். கடைசிக்கு வந்ததும் கத்தியை முதுகின் மேல் புரட்டித் திருப்புங்கள். வாயின் மேல் புரட்டினால் வாரும் போச்சு, கூரும் போச்சு. போகவர 40, 50 தடவை போதும். வேகம் வேண்டாம். சினிமாவில் சரக் சரக் என்று அடிப்பார்களே, அதெல்லாம் சத்தத்துக்காக. புதிதாகப் பழகுகிறவர் வாரை வெட்டாமல் இருந்ததில்லை, ஆகவே முதலில் விலையுயர்ந்த வார் வாங்காதீர்கள். பழைய நல்ல தோல் பெல்ட்டின் உள்பக்கம், தையல் ஓட்டம் இல்லாத பெல்ட்டாக இருந்தால், பழகுவதற்குத் தாராளமாகப் போதும். இரண்டு வாரம் சும்மா சாப்பாட்டு ஸ்பூன் கைப்பிடியை வைத்துப் புரட்டிப் பழகுங்கள், வீட்டில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

இந்தத் தொல்லைதான் சவரக்கத்தியை உலகத்து வீடுகளிலிருந்து விரட்டியது. கிங் கேம்ப் ஜில்லெட் தன் பாதுகாப்பு ரேசரை 1903-ல் விற்க ஆரம்பித்தபோது முதல் வருடம் போனது 51 ரேசரும் 168 பிளேடும்தான். அவர் விளம்பரத்தில் பெருமையாகச் சொல்லிக்கொண்டது ‘வாரில் தீட்ட வேண்டாம், கல்லில் தீட்ட வேண்டாம்’ என்பதை. ஆட்களுக்குச் சலித்துப்போயிருந்தது எது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நீங்கள் அந்தச் சலிப்பை விரும்பி வாங்கப் போகிறீர்கள் என்பதைத் தெரிந்துகொண்டே வாங்குங்கள்.

“முதலில் சலூன் கத்தியில், அதாவது பாதி பிளேடு மாட்டும் கத்தியில், பழகலாமா” என்று கேட்கிறவர்கள் உண்டு. இதில் இரண்டு கட்சி. புது பிளேடு முழுக்கத்தியைவிடக் கடுமையாகக் கடிக்கும், கத்தி எடை குறைவு, தப்பை மன்னிக்காது, ஆகவே வேண்டாம் என்பார்கள் ஒரு பக்கம். அது உண்மைதான். ஆனாலும் என் ஓட்டு பிளேடு கத்திக்கே. மலிவாகக் கிடைக்கும். பிளேடைக் காகிதத்தோடு நடுவில் மடித்து உடைத்து மாட்டினால், கூர் சரியாக இருக்கிறதா என்ற சந்தேகத்துக்கே இடமில்லை. கூர் என்றால் முகத்தில் எப்படி இருக்கும் என்று தோலுக்குத் தெரிந்துவிடும். அப்புறம் தாத்தாவின் கத்தி இழுத்துப் பிய்த்தால், தப்பு கத்தியிலா கையிலா என்று உங்களுக்கே விளங்கும்.

சரி, முகத்துக்கு வருவோம். அப்பாவுக்கு சோப்பே கிடையாது. வெறும் தண்ணீரைத் தொட்டுத் தொட்டுத் தாடையில் தேய்த்துக்கொண்டே ஊர்க்கதை பேசுவார். உட்கார்ந்திருப்பவர் எப்போது ஆரம்பிப்பாய் என்று கேட்டால், “பாதி முடிஞ்சிருச்சு மாமா” என்பார். முடி தண்ணீர் குடித்துவிட்டால் அதை வெட்டத் தேவைப்படும் விசை வெகுவாகக் குறையும். குளித்து முடித்த கையோடு, ஈர முகத்தில், சோப்பையோ க்ரீமையோ பிரஷ்ஷால் இரண்டு மூன்று நிமிடம் சுற்றிச் சுற்றிக் குழைத்தால் போதும். டப்பாவிலிருந்து புஸ்ஸென்று வரும் நுரை காற்றுதான் அதிகம். கத்திக்குத் தேவை வழுக்கும் ஈரம்.

கத்தியின் தண்டை, அதாவது அலகுக்கும் பிடிக்கும் நடுவில் உள்ள பகுதியை, கட்டை விரல் அடியிலும் மூன்று விரல் மேலேயும் வைத்துப் பிடியுங்கள், சுண்டு விரல் பிடியைத் தாண்டி நீளும் வாலில் இருக்கட்டும். பிடி மேலே விரிந்து நிற்க வேண்டும். கோணம் சுமார் 30 டிகிரி. அதை அளக்க எளிய வழி, முதுகு தோலிலிருந்து அதன் தடிமனைப்போல இரண்டு மடங்கு தூக்கி இருக்கட்டும். அதைவிடப் படுத்தால் முடியைப் பிடுங்கும், அதைவிட நிமிர்ந்தால் தோலைச் சுரண்டும். எதைத் தப்பாகச் செய்தாலும் ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: தோலில் பட்ட கத்தியைப் பக்கவாட்டில் நகர்த்தாதீர்கள். தக்காளியை மேலிருந்து அழுத்தினால் நசுங்கும், கத்தியை இழுத்தால்தானே அறுபடும்? தோலும் அப்படித்தான். வாய்க்கு நேர் குறுக்காகப் போகும்வரை கத்தி முடியை மட்டும் எடுக்கும். நீளவாக்கில் ஒரு நூல் நழுவினால் தோலை அறுக்கும். எனக்குத் தெரிந்து மோசமான வெட்டுகள் எல்லாமே இப்படி வந்தவை, அழுத்தி வந்தவை இல்லை.

அடுத்தது மற்றக் கை. அதை மறந்துவிடுகிறார்கள். தோல் தப்பட்டை மாதிரி விறைத்து நிற்க வேண்டும், அதற்கு மற்றக் கை இழுத்துப் பிடிக்க வேண்டும். சோப்பில் விரல் வழுக்கும். ஈரப் படிகாரத்தை விரல் நுனியில் தேய்த்துக்கொண்டால் ஒட்டிப் பிடித்ததுபோல நிற்கும். ஒரு இழுப்புக்கு இரண்டு விரற்கடை நீளம் போதும். கத்தி ஓடும் சத்தத்தைக் கேளுங்கள். பதமான கத்தி, இரு பக்கமும் உட்குழிவாகக் குடையப்பட்ட மெல்லிய கத்தியாகவும் இருந்தால், காய்ந்த சருகை நீவுவதுபோல மெலிதாகப் பாடும். சத்தம் நின்று இழுவை தெரிந்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

முதல் வாரம் வலக்கன்னம் மட்டும். மிச்சத்தை உங்கள் வழக்கமான ரேசரில் முடியுங்கள். இரண்டாம் வாரம் இடக்கன்னம். இடக்கையில் பிடிப்பதா, வலக்கையைக் குறுக்கே கொண்டு வருவதா என்பது உங்கள் விருப்பம். நான் குறுக்கேதான் கொண்டு வருகிறேன், பழக்க தோஷம். அப்புறம் தாடைக்குக் கீழே கழுத்து. பயப்படுகிறீர்களே அந்தக் கழுத்து, அது உண்மையில் அவ்வளவு மோசமில்லை, பயத்தில் நிதானம் தானாக வந்துவிடும். குரல்வளை மேட்டில் மட்டும் தோலை ஒரு பக்கமாக நகர்த்தி, சமமான இடத்துக்குக் கொண்டுவந்து வழிக்க வேண்டும். நம்மைக் கவிழ்ப்பது காது மடல், வாய் ஓரம், மோவாயின் உருண்டை. மேலுதட்டையும் மோவாயையும் கடைசிக்கு, அதாவது ஒரு மாதத்துக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் முடி வளரும் வாக்கிலேயே. எதிர்வாக்கில் போவது முதல் இரண்டு மாதம் வேண்டவே வேண்டாம். சுருள் முடிக்காரர்களுக்கு அது என்றைக்குமே வேண்டாம். ஒட்ட வழித்த முடி உள்ளுக்குள்ளேயே சுருண்டு முளைத்துக் கட்டி கட்டியாக வரும்.

ஒரு கத்தியை இரண்டு நாள் ஓய்வாக விட்டால் கூர் தானாகத் திரும்பும் என்று அப்பா நம்பினார். மேல்நாட்டில் கிழமைக்கு ஒன்றாக ஏழு கத்திகள் கொண்ட பெட்டியே விற்றிருக்கிறார்கள். நான் மாறி மாறிப் பார்த்துவிட்டேன், எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. ஓய்வில் கத்தி நன்றாகக் காய்கிறது, அதுதான் பலனாக இருக்கலாம். இந்தக் கத்தியில் வழித்தால் தோல் பளபளக்கும், பரு போகும் என்பதெல்லாம் எனக்கு நம்பிக்கையில்லாத சமாச்சாரம். பரு நிறைய இருந்தால் இதைத் தொடவே வேண்டாம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர், சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர், கை நடுக்கம் உள்ளவர் எல்லாம் மருத்துவரைக் கேட்காமல் இறங்க வேண்டாம். அது சலூன்காரன் பதில் சொல்லும் விஷயம் இல்லை.

சின்னக் கீறலுக்குக் குளிர்ந்த தண்ணீர், அப்புறம் ஈரப் படிகாரம், அவ்வளவுதான். பத்து நிமிடம் அழுத்திப் பிடித்தும் நிற்காத ரத்தம் என்றால் மருத்துவமனைக்குப் போங்கள். கத்தி கை நழுவினால் பிடிக்கப் போகாதீர்கள். காலை நகர்த்திக்கொண்டு விழ விடுங்கள், கத்தி போனால் போகட்டும். வாஷ்பேசினில் அலசும்போது குழாயைக் கவனியுங்கள். டிங் என்று ஒரே ஒரு சத்தம், ஒரு பல் போயிருக்கும். என் கத்திக்கு அந்த அனுபவமும் உண்டு. இந்தக் கத்தி உங்களுக்கு மட்டும்தான், அண்ணன் தம்பிக்குக்கூடக் கொடுக்காதீர்கள். கண்ணுக்குத் தெரியாத ரத்தத்தில் மஞ்சள்காமாலை பி கிருமி 7 நாள் வரை உயிரோடு இருக்கும். முடிந்ததும் முதுகிலிருந்து வாய் நோக்கித் துணியால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, ஒரு சொட்டு தையல் மிஷின் எண்ணெயை மெல்லப் பூசி வையுங்கள். கடலோர ஊர் என்றால் ஒரு நாள் மறந்தாலும் துரு வந்துவிடும். குளியலறையில் வைக்காதீர்கள், பிள்ளைகள் கைக்கு எட்டும் இடத்தில் வேண்டவே வேண்டாம்.

உங்கள் கல்யாணக் கணக்குக்கு வருகிறேன். இரண்டு மாதத்தில், கத்தி பதமாகக் கைக்கு வந்துவிட்டால், கன்னமும் கழுத்தும் ஒழுங்காக வரும். மோவாய் அரைகுறையாக இருக்கும், அங்கே பழைய ரேசர் கைகொடுக்கும். ஆனால் முகூர்த்தத்தன்று விடியற்காலை மூன்றரை மணிக்கு, மண்டபத்து அறையின் மஞ்சள் பல்பு வெளிச்சத்தில், “மாப்பிள்ளை ரெடியா” என்று வெளியே கதவைத் தட்டிக்கொண்டிருக்கும்போது அந்தக் கத்தியைத் திறக்காதீர்கள். முதல் நாள் சாயங்காலம் ஊர்க்கடையில் போய் உட்காருங்கள். தாத்தாவின் கத்தியை வேண்டுமானால் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். வயதானவர் யாராவது அங்கே இருந்தால் வாங்கி விரித்துப் பார்த்துவிட்டு, அது எந்தக் கல் கேட்கும் என்று சொல்லிவிடுவார்.